417-ஆம் எண் பொட்டலம்

ஜனவரி 18, சனி

இந்த டைரி கழித்துப் போட்டது. என் வீட்டுக்காரர் ப்ரூப் பார்த்துத் திருத்தும் அச்சகத்தில், பைண்டிங்கில் ஒரு கட்டு இரண்டு முறை சேர்ந்துவிட்டதாம். பிப்ரவரி பத்து முதல் இருபத்தைந்து வரை இரண்டு தடவை வருகிறது. நல்ல டைரியெல்லாம் வெளியூருக்குப் போய்விடும். சிவகாசியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதுதான். போகட்டும், எனக்குப் பதினாறு நாள் லாபம்.

எழுத ஒரு விஷயம் இன்றைக்குத்தான் வந்தது, கூரியரில். மகள் சாருமதி போனில் எதையோ அழுத்தி எங்கள் வீட்டைச் 'சுவைக் குடும்பம்' ஆக்கிவிட்டாள். மதுரையில் ஒரு கம்பெனி, இன்னும் கடைக்கு வராத தின்பண்டங்களையும் பானங்களையும் வாராவாரம் அனுப்புமாம். நாங்கள் ருசி பார்த்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போட வேண்டும். ஆறு வாரம். எதற்கும் பெயர் கிடையாது. வெள்ளை உறை, அதன்மேல் மூன்று இலக்க எண், அவ்வளவுதான்.

என் மாமனார் பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். எழுபத்தெட்டு வயது.

"சும்மாவா குடுக்கிறான்? தின்னுட்டு நாம மார்க்கு வேற போடணுமா? ஏம்மா ஜெயக்கொடி, இப்படி ஒரு வேல இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சே!"

ஜனவரி 19, ஞாயிறு

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று தாளில் போட்டிருந்தது. அதனால் ஆளுக்கு ஒரு சுவர். மாமா ஃபிரிட்ஜைப் பார்த்து, சாரு ஜன்னலைப் பார்த்து, அவர் பீரோவைப் பார்த்து, நான் சமையலறைக் கதவைப் பார்த்து. யாராவது வந்து பார்த்திருந்தால் நால்வருக்கும் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

ராகி நூடுல்ஸ், ரோஜா வாசத்தில் மோர், பலாக்கொட்டை பிஸ்கட், அன்னாசி ரசப்பொடி. மோரைக் குடித்தபோது கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்த ஞாபகம்தான் வந்தது. ஆனாலும் ஒன்பது போட்டேன். யார் வீட்டுப் பெண்ணோ கால் கடுக்க நின்று செய்திருப்பாள், அவளுக்குப் போய் மூன்று போடுவதா? மாமாவும் எல்லாவற்றுக்கும் ஒன்பது. சாரு நான் முறைத்ததால் ஒன்பது. அவர் எல்லாவற்றுக்கும் ஐந்து. கருத்து எழுதும் கட்டத்தில் ஒரே சொல்: 'இருக்கு.'

இருபத்திநாலு வருஷமாக இதே சொல்தான். குழம்பு எப்படி? இருக்கு. பணியாரம்? இருக்கு. தலைதீபாவளிக்கு விடிய விடிய நின்று அதிரசம் சுட்டேன். இருக்கு. இருக்கிறது எனக்குத் தெரியாதா, நான்தானே வைத்தேன்!

ஜனவரி 23, வியாழன்

கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். மரியாதையான குரல்.

"மேடம், நீங்க மார்க் போட்டிருக்கிறதப் பாத்தா கல்யாண வீட்டுல மொய் எழுதின மாதிரி இருக்கு. குறை சொன்னாத்தான் எங்களுக்கு உபயோகம். அடுத்த வாரமும் இப்படியே வந்தா லிஸ்ட்லருந்து எடுத்துருவாங்க."

மாமா பதறிப்போனார். "இனிமே நான் குறை சொல்றேன்னு சொல்லு. நெறையாவே சொல்றேன்!"

ஜனவரி 26, ஞாயிறு

சொன்னார்கள், நெறையாவே. சாம்பார் வாசத்துப் பாப்கார்னுக்கு மாமா ஒன்று போட்டு, 'தின்றபின் கை கழுவத் தோன்றுகிறது, ஆனால் சாப்பிட்ட திருப்தி இல்லை' என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நன்னாரி சோடாவுக்குச் சாரு இரண்டு. நானும் துணிந்து வாழைத்தண்டு ஜூஸுக்கு மூன்று போட்டேன். போட்டதும் உடம்பே லேசான மாதிரி இருந்தது.

அவர்தான் ஆச்சரியம். 'சோடா: கேஸ் அதிகம், நன்னாரி குறைவு, முடிவில் சாக்ரின் கசப்பு. பிஸ்கட்: ஓரம் வெந்தது, நடு வேகவில்லை.' வரிவரியாக எழுதியிருந்தார். இந்த மனிதருக்கு இவ்வளவு வார்த்தை தெரியுமா?

ஜனவரி 28, செவ்வாய்

குறை சொல்லும் பழக்கம் நம் அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. இன்று வெண்டைக்காய்ப் பொரியலுக்குச் சாரு "ஆறு" என்றாள். மாமா "அஞ்சரை" என்றார். மதியத்துக்கு மேல் நான் யாரிடமும் பேசவில்லை.

அவரிடம் கேட்டேன். "இருக்கு" என்றார்.

ஜனவரி 29, புதன்

மார்ச் இரண்டாம் தேதி எங்கள் தெரு மகளிர் சங்கம் சந்தை போடுகிறது. வீட்டில் செய்ததை மேசை போட்டு விற்கலாம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் பிப்ரவரி இருபது. அப்பா முன்னாலும் தாத்தா முன்னாலும் சாரு காலையிலிருந்து ஓயவில்லை.

"அம்மா, உன் பொடிய வைம்மா. இட்லிக்கும் ஆகும், தயிர்ச்சோத்துக்கும் ஆகும். அத மாதிரி நான் எங்கயும் தின்னதில்ல."

"நீ என் மக. அப்படித்தான் சொல்லுவ."

எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. வீட்டு மனுஷரே வாய் திறந்து நல்லா இருக்கு என்று சொல்லாத பொடியை ஊர்க்காரர்கள் முன்னால் எப்படிக் கடை பரப்புவது? மேசையில் தேங்கிக் கிடந்தால் அந்தத் தெருவில் பிறகு எப்படி நடப்பேன்?

நாரத்தை இலை பறித்து வந்து பீரோவுக்கு மேல் நிழலில் காய வைத்திருக்கிறேன். சும்மாதான்.

பிப்ரவரி 1, சனி

ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கம்பெனிப் பெட்டியில் மூன்று வெள்ளை உறைகள் கிழியாமல் மிச்சம் கிடந்தன. நேற்று அரைத்த பொடியை ஒன்றில் போட்டு ஒட்டிவிட்டேன். எண் வேண்டுமே? என் கையெழுத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். போன வருஷத்து மாதக் காலண்டர் அலமாரிக்கு அடியில் விரித்தது போக மிச்சம் இருந்தது. ஞாயிறு சிவப்பு, அதனால் கறுப்பில் ஒரு 4, ஒரு 17 கத்தரித்து ஒட்டினேன். 417. கம்பெனி ஒட்டினது தோற்றது!

நாளைக்கு எல்லாரும் முகம் பார்க்காமல் மார்க் போடுவார்கள். எனக்கென்று யாரும் கூட்டியும் போட முடியாது, குறைத்தும் போட முடியாது. அவர் பேனா என்ன சொல்கிறதென்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். நல்லதென்றால் பெயர் கொடுப்பேன், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

417-ஐ மூன்றாவதாக வைத்தேன், ஆளுக்கு ஒரு இட்லியோடு. நான் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பீரோப் பக்கமிருந்து மட்டும், அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சரசரப்பு ரொம்ப நேரம் கேட்டது. எடை பார்த்தார் போல.

மாமா ஒன்பது. சாரு எட்டு. அவர் நாலு.

நாலு! கீழே சிறு எழுத்தில்: 'உப்பு முந்துகிறது. எள் ஒரு பிடி கருகியிருக்கிறது. பூண்டில் ஈரம் போகவில்லை, இரண்டு வாரத்தில் சிக்கு வாடை வரும். மிளகாய் சரி.'

பதினைந்து நிமிஷம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கட்டின பெண்டாட்டிக்கு ஒரே சொல், முகம் தெரியாத பொட்டலத்துக்கு நாலு வரி! என் பொடிமேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் சாரு தாள்களைப் படம் எடுத்து அனுப்ப உட்கார்ந்தாள். "கம்பெனி லிஸ்ட்ல 417-ன்னு ஒண்ணும் இல்லயேம்மா?" என்று நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான். வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உருண்டாள்.

"எம்மா, நீ சரியான ஃபிராடும்மா!"

பிப்ரவரி 3, திங்கள்

எள் கருகியிருந்தது உண்மைதான். வறுக்கும்போது மாமா ரேடியோவுக்கு பேட்டரி கேட்டுக் கூப்பிட்டார், போய் வந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை எப்படிக் கண்டுபிடித்தார்?

பிப்ரவரி 6, வியாழன்

பூண்டை நறுக்கி இரண்டு வெயில் காய வைத்தேன். உப்பைக் குறைத்தேன். எள் வறுக்கும்போது வீடே இடிந்தாலும் திரும்ப மாட்டேன் என்று சட்டியைப் பார்த்தபடியே நின்றேன். சுண்டைவற்றலை எண்ணெய் விடாமல் வறுத்துப் பார்த்தேன், நன்றாக வந்தது.

அவர் தண்ணீர் குடிக்க வந்தவர், "போன வருஷக் காலண்டர் எங்க?" என்று கேட்டார். அலமாரிக்கு விரித்துவிட்டேன் என்றேன். "முழுசாவா?" என்றார். முழுசாகத்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். வேலை ஞாபகமாக இருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எண் 623. மாமா ஒன்பது, சாரு ஒன்பது, அவர் ஆறு.

'எள் இப்போது சரி. பூண்டு சரி. புளி கொஞ்சம் தனியாக நிற்கிறது. இன்னும் நைசாக அரைக்க வேண்டாம், பல்லில் கடிபட வேண்டும்.'

'இப்போது சரி' என்று எழுதியிருக்கிறாரே, போன வாரத்துப் பொடிதான் இது என்று கம்பெனி எங்கேயாவது சொல்லியிருக்கிறதா? நாக்கில் அடையாளம் கண்டிருப்பார். மற்றபடி ஆறு என்பது நாலைவிட இரண்டு அதிகம். சமையலறையில் யாரும் இல்லாதபோது ஒரு தடவை கை தட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்கு மானம் போயிருக்கும். மயிரிழையில் தப்பினேன்.

மாமா எங்களிடம் சொல்லாமல், பெட்டியில் போட்டிருந்த நம்பருக்குப் போன் செய்து, "அந்த 417 பொடிய ஒரு மூடை அனுப்பி விடுங்க, வாயில வைக்க வேற எதுவும் வெளங்கல" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், 417-ன்னு நாங்க எதுவும் அனுப்பலையே? இட்லிப் பொடியே இந்தத் தடவ கிடையாது."

"பெரியவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா. நம்பர மாத்திப் படிச்சிருப்பாரு."

உள்ளறையிலிருந்து மாமா, "யாருக்குக் கண்ணு தெரியாது? போன மாசந்தான ஆபரேசன் பண்ணுனேன்!" என்று கத்தினார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன். அவர் பிடித்திருந்த பேப்பர் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் அப்படியொன்றும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

எண் 829. புளியை வறுத்துச் சேர்த்தேன், கொரகொரவென்று நிறுத்தினேன். கடைசியில் ஒரு சிட்டிகை மட்டும் ஒன்று போட்டேன். அது என்னவென்று இந்த டைரிக்கும் சொல்ல மாட்டேன்.

மாமா தாளில் பத்து என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். ஒன்பதுக்கு மேல் இல்லை என்றதற்கு, "அது கம்பெனிக்காரன் கணக்கு" என்றார். சாரு ஒன்பது. அவர் எட்டு.

எட்டு! கருத்துக் கட்டத்தில் ஒரே சொல்: 'போகலாம்.'

எங்கே போகலாம்? யார் போகலாம்? எட்டு போட்டவர் நாலு வார்த்தை சேர்த்து எழுதக்கூடாதா? ஆனாலும் அந்தத் தாளை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்று மூன்று தடவை எடுத்துப் பார்த்தாயிற்று.

பிப்ரவரி 18, செவ்வாய்

போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்! யாரையும் கேட்கவில்லை. சங்கச் செயலாளர் அன்னபாக்கியம் அக்கா வீட்டுப் படியேறும் வரைக்கும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. கதவைத் தட்டியதும் வாய் தானாகப் பேசிவிட்டது. "ஜெயக்கொடி, பொடி, ஒரு மேசை" என்றேன். ஏதோ பள்ளிக்கூடத்தில் பெயர் சொன்ன மாதிரி.

அக்கா எழுதிக்கொண்டு, "லேபிள் ஒட்டாத பொட்டலத்த மேசையில வைக்கக் கூடாதும்மா. உள்ள என்னென்ன இருக்குன்னு வரிசையாப் போட்டிருக்கணும், கூடுதலாப் போட்டது முதல்ல வரணும்" என்றார்.

ஊருக்கெல்லாம் லேபிள் அடிக்கிற வீட்டில் இருந்துகொண்டு லேபிளுக்கு எங்கே போவது என்று முழிக்கிறேன். அவரிடம் கேட்டால் 417, 623, 829 எல்லாம் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக உங்களை ஏமாற்றினேன் என்று எந்த வாயால் சொல்வது?

பிப்ரவரி 19, புதன்

சொல்லவில்லை. வாய் வரை வந்தது. "என்ன?" என்றார். "ரசம் ஊத்தவா?" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று நடந்ததை எழுத ஒரு பக்கம் போதாது. நல்ல வேளை, இந்த டைரியில் பிப்ரவரி இருபது இரண்டு இருக்கிறது.

வேலையிலிருந்து வந்தவர் கை கால் கழுவிவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அதன்மேல் தன் சிவப்புப் பேனாவை வைத்தார். அந்தப் பேனாவை அவர் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"ப்ரூப். பாத்துத் திருத்திக் குடு. நாளைக்கு ஒரு பார்ட்டி வேல மிஷின்ல ஏறுது, ஷீட்டுல ஒரு ஓரம் காலியா இருக்கு, அதுல இத அடிச்சுக்கலாம். மொதலாளிகிட்டக் கேட்டுட்டேன்."

லேபிள். இளம் பச்சை, கட்டம் கட்டி. மேலே 'நாரத்தை இலைப் பொடி' என்று இருந்தது. கீழே 'தயாரிப்பு: அ. ஜெயக்கொடி, சிவகாசி'. என் பெயர் அச்சில் வந்து நான் பார்த்தது எங்கள் கல்யாணப் பத்திரிகையில்தான். நடுவில் 'சேர்ந்துள்ளவை' என்று போட்டு வரிசையாக உளுந்து, வரமிளகாய், கடலைப்பருப்பு, எள், பூண்டு, நாரத்தை இலை, சுண்டைவற்றல், புளி, உப்பு, பெருங்காயம்.

கூடுதலாகப் போட்டது முதலில், குறைவாகப் போட்டது கடைசியில் என்று, நான் போட்ட அளவுப்படியே இருந்தது அந்த வரிசை. சுண்டைவற்றலை நான் சாருவுக்குக்கூடச் சொன்னதில்லை.

பிப்ரவரி 20 (இரண்டாவது)

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இது ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"நாக்கு சொல்லுச்சு."

"நான் செஞ்சதுன்னு எப்பத் தெரியும்?"

"உறையப் பாத்தவுடனே. எந்தக் கம்பெனிக்காரன் நம்ம பிரஸ் காலண்டரக் கத்தரிச்சு நம்பர் ஒட்டுவான்? அதுவும் அந்த நாலு! போன வருஷம் அச்சுல அதோட கால் லேசா ஒடஞ்சு விழுந்துச்சு. போதும் விடுய்யான்னு மொதலாளி சொல்லிட்டாரு. வருஷம் பூரா எனக்கு உறுத்திக்கிட்டே கெடந்துச்சு. நீ அதையே தேடிப் புடிச்சு எங்கண்ணு முன்னாடி ஒட்டி வைக்கிற."

காலண்டர் அச்சடிக்கிறவரிடமே காலண்டரை வெட்டி ஒட்டி ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். சாரு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ தெரிஞ்சேதான் நாலு போட்டீகளா?"

"மொத ப்ரூப்ல எவனாவது எட்டுப் போடுவானா? திருத்தி வந்தது, ஆறு. மறுபடி திருத்தி வந்தது, எட்டு. அச்சுக்குப் போகலாம்னு எழுதித்தான குடுத்தேன்."

"இருபத்திநாலு வருஷம்! எதக் கேட்டாலும் இருக்கு, இருக்குன்னு..."

அவர் கொஞ்சம் திகைத்த மாதிரிதான் தெரிந்தது. இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார்.

"தப்பு இருந்தாத்தான ஜெயா தாளுல எழுதுவோம்? தப்பு இல்லன்னா ஓரத்துல ஒரு கையெழுத்து, அம்புட்டுதான். நீ திருத்தறதுக்கா கேட்ட? சாப்பிடத்தான குடுத்த."

அழுதேன். மறைக்கவில்லை. இருபத்திநாலு வருஷத்து இருக்குகளும் ஒன்றாக வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அந்த அதிரசத்து இருக்குகூட. சந்தோஷம் என்றால் இதுதான் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏலே அருஞ்சுனை, அவள ஏன் அழ வைக்க? அப்போ 417 கம்பெனிப் பொடி இல்லையா? நம்ம வீட்டுப் பொடியா? ஒரு மூடை அனுப்பச் சொல்லி வெளியூருக்குப் போன் போட்டேனடா நான்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை மறுபடி படித்தேன். பெருங்காயத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கோடு மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"இங்க என்ன?"

"கடைசித் தடவ ஒண்ணு சேத்திருக்க. தித்திப்பு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. நாலு நாளா நாக்குல தேடுறேன், பிடிபடல."

அவருக்குப் பிடிபடாத ஒன்று! எனக்கு வந்த கர்வத்தை அளக்க ஒன்பது மார்க் பத்தாது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒரு கையால் மறைத்துக்கொண்டு கோட்டின்மேல் 'கருப்பட்டி' என்று எழுதினேன். பிறகு அவர் செய்கிற மாதிரியே ஓரத்தில் ஒரு கையெழுத்து போட்டு அவர் பக்கம் தள்ளினேன்.

படித்தார். "கருப்பட்டியா!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மேசையில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். தாளைப் பைக்குள் வைக்காமல் நின்றார். காதைச் சொறிந்தார்.

"லேபிளு எப்படி? பச்சை கொஞ்சம் கூடிருச்சோ? எழுத்து நல்லாருக்கா?"

நான் எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

"இருக்கு" என்றேன்.